நாம் ஜன்னலோரம் வளர்க்கும் ஆப்பிரிக்கன் வயலெட் பூச்செடியைக் காட்டிலேயே பார்த்தவர்கள் உண்டா?

நிழல்செடி:
தான்சானியாவில் மலைக்காட்டில் இருக்கும் அமானிக்குப் போனவர்களிடம் அந்த ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம். காட்டுக்குள், ஓடையோரப் பாறை ஒன்றைக் காட்டி வழிகாட்டி நின்றுவிட்டார். எனக்குப் பாசிதான் தெரிந்தது. குந்தி உட்கார்ந்து பார்த்தால், வெடிப்பில் ரோமம் படர்ந்த நாலைந்து இலை, ஒரே ஒரு பூ. நர்சரிக் கொத்தும் இல்லை, சுருள் விளிம்பும் இல்லை. வெளிர் ஊதா, ஐந்து மடல், நடுவில் மஞ்சளாக இரண்டு மகரந்தப் பை. அடியில் மண் என்று சொல்ல எதுவும் இல்லை, பாசியில் ஊறிய ஈரம்தான். மேலே நிற்கும் மரம் போனால் இதுவும் கருகிவிடும் என்றார். கூட வந்தவர் இலை ஒன்றைக் கிள்ளக் கை நீட்ட, வழிகாட்டி சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தார். திட்டவில்லை. ஆனால் பாறையை விட்டு நகரும்வரை பிடியை விடவில்லை. அந்தக் கைதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

காற்றாடி:
ஒரு இலைக்கு இவ்வளவா? 1892இல் செயின்ட் பால் என்ற ஜெர்மன் அதிகாரி இங்கிருந்து அப்பாவுக்கு விதை அனுப்பியதால்தானே இன்று ஊரெல்லாம் ஜன்னலில் பூக்கிறது! அப்புறம், இது மலையில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். தான்சானியக் கடற்கரை நகரமான தங்கா பக்கம் அம்போனி குகையருகே, சுண்ணாம்புப் பாறையில் நானே பார்த்தேன். கடல் கூப்பிடு தூரம்.

வோயி வாசி:
காற்றாடி, கென்யாவில் எங்கள் தைத்தா மலைக்கு ஒருமுறை வாருங்கள். அங்கே உள்ள டெய்டென்சிஸ் என்ற வயலெட் வகை ம்போலோலோ காட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது. நான் போன அன்று ஒரே மூடுபனி. பாறையில் இலை இருந்தது, பூ ஒன்றுகூட இல்லை. அங்கே நின்றுகொண்டு ‘ஒரு இலைதானே’ என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பால்கனி அக்கா:
நானும் அமானியில் பார்த்தேன், மழையில் சரியாகத் தெரியவில்லை. அது கிடக்கட்டும். வீட்டில் வைத்திருப்பவர்கள் கேளுங்கள்: இலைமேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வட்ட வட்டமாகத் தழும்பு விழும். தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். உச்சி வெயில் ஆகாது, காலை வெயில் போதும். பெரிய தொட்டியில் வைத்தால் வேர் அழுகும். கன்று வேண்டுமா, காட்டில் கை வைக்கவே வேண்டாம். நர்சரிச் செடியின் இலையைக் காம்போடு ஈர மணலில் சொருகுங்கள், அடியில் குட்டி முளைக்கும்.

நிழல்செடி:
அக்கா, என் வீட்டில் செடியே இல்லை! வோயி வாசி, ம்போலோலோவுக்கு வழிகாட்டி வோயி ஊரிலேயே கிடைப்பாரா, மேலே கிராமத்தில்தான் கேட்க வேண்டுமா?