வால்பாறை எஸ்டேட் ஓரத்தில் கருமந்தி: தீனி போடலாமா, என்ன மரம் வைக்கலாம்?

தேயிலைமேடு:
வால்பாறையில் எஸ்டேட்டுக்கும் சோலைத்துண்டுக்கும் (மிஞ்சியிருக்கும் மலைக்காட்டுத் துண்டு) நடுவே ரோடு. காலையில் ஏழெட்டு கறுப்புக் குரங்குகள் சில்வர் ஓக் மரங்களில் வந்து உட்காருகின்றன. சிங்கவால் குரங்கா, கருமந்தியா? தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகள் வாழைப்பழம், பிஸ்கட் போடுகிறார்கள். கெடுதலா? ரோட்டோரம் என்ன மரம் வைக்கலாம்?

சோலைக்கிளி:
வாலைப் பாருங்கள். உடம்பைவிட நீளமாகத் தொங்கினால் கருமந்தி. சிங்கவாலுக்கு வால் குட்டை, நுனியில் குஞ்சம், முகத்தைச் சுற்றி வெள்ளிநரை பிடரி. கருமந்திக்குத் தலைமயிர் தேன்பழுப்பு. பெட்டைக்கு உள்தொடையில் வெள்ளைத் திட்டு இருக்கும். குட்டி செம்பழுப்பாகப் பிறந்து சுமார் பத்து வாரத்தில் கறுக்கும். விடியலில் "ஹூ... ஹூ" என்று மலை அதிர முழங்குவது கடுவன், அதாவது ஆண்.

காட்டுநாவல்:
தீனியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், தயவுசெய்து. கருமந்தியின் இரைப்பை பல அறைகள் கொண்டது. மாடு அசைபோடாமல் செரித்தால் எப்படியோ அப்படி: உள்ளே இருக்கும் பாக்டீரியாக்கள்தான் இலையை நொதிக்க வைக்கின்றன. பழமும் பிஸ்கட்டும் போனால் சர்க்கரை சட்டென்று புளித்து அமிலம் ஏறும், பாக்டீரியா சாகும், வயிறு உப்பும். வெறும் பானை வயிற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது இயல்பு. தின்னாமல் சுருண்டு ஒதுங்கி உட்கார்ந்தால்தான் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். தளிரையே அதிகம் தேடுவதற்கும் காரணம் உண்டு: முற்றிய இலையில் நாரும் துவர்ப்பும் அதிகம்.

லேகியம் செய்ய இந்தக் குரங்கு வேண்டுமென்று யாராவது கேட்டு வந்தாலும் உடனே தெரிவியுங்கள். இது 1972 வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணை (உச்சப் பாதுகாப்பு) விலங்கு. வேட்டைக்குக் குறைந்தது 3 ஆண்டு சிறை.

சோலைக்கிளி:
மரம்: வெடிப்பலா, நாவல் வகைகள், காட்டு அத்தி. ஜூன் மழை பிடித்ததும் நடுங்கள். வெடிப்பலாக் கன்றை வெட்டவெளியில் நட்டால் வெயிலில் கருகும். முதலில் வட்டக்கண்ணி போல வேகமாக வளர்வதை வைத்து, நிழல் விழுந்தபின் அதனடியில் நடுங்கள். உண்ணிச்செடியை (லாண்டனா களை) மொத்தமாகப் பிடுங்காதீர்கள், அதனடியில் தானாக முளைத்த சோலைக்கன்றுகளும் போய்விடும். கன்றைச் சுற்றி மட்டும் அறுத்துவிட்டால் போதும்.

தேயிலைமேடு:
மரம் வளரும்வரை ரோடு கடக்க?

காட்டுநாவல்:
ரோட்டுக்கு மேல் கிளைகள் தொடும் இடத்தில் சில்வர் ஓக் கவாத்தை (கிளை வெட்டுவதை) நிறுத்துங்கள். கிளை விலகினால் மந்தி தரையில் இறங்கும், இல்லாவிட்டால் மின்கம்பியைப் பிடிக்கும். இரண்டுமே சாவு. கிளை எட்டாத இடத்தில் மேலே பாலம் கட்டலாம். வால்பாறையிலேயே சிங்கவால் குரங்குக்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள். வனத்துறை அனுமதியோடு, அவை ஏற்கெனவே கடக்கும் மரங்களுக்கு நடுவே கட்டினால்தான் பயன்படுத்தும்.