மறு: ஹேண்ட்லோட் – கைச்சுமையா, கைநிரப்பா?

வணக்கம்.

ஹேண்ட்லோட், அதாவது கடையில் வாங்காமல் ஒருவர் தம் கையாலேயே மருந்தும் குண்டும் வைத்துச் செய்துகொள்ளும் துப்பாக்கித் தோட்டா, அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில் முதலில் வந்த 'கைச்சுமை' என்பதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். சந்தையிலிருந்து காய்கறிப் பையோடு வருகிற ஆள்தான் கண்ணில் தெரிந்தார். அடுத்து வந்த 'கைநிரப்பு' எவ்வளவோ தேவலை, ஆனால் அதுவும் ஓரிடத்தில் உதைக்கிறது.

1873-இல் அமெரிக்கப் படைக்கு வந்த ஸ்பிரிங்ஃபீல்டு ட்ராப்டோர் என்ற துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். காலாட்படைக்கு நீளக் குழல், குதிரைப்படைக்கு 22 அங்குலக் குழல் கொண்ட கார்பைன். தோட்டாவின் உலோகக் கூடு ஒன்றுதான், 405 கிரெயின் (ஒரு சிறு எடை அளவு) ஈயக் குண்டும் ஒன்றுதான், உள்ளே வைக்கும் வெடிமருந்து, அந்தக் காலத்துக் கரிமருந்து, மட்டும் முதலாவதற்கு 70 கிரெயின், கார்பைனுக்கு 55. கனம் குறைந்த துப்பாக்கி தோளை உதைக்கிற உதைக்காகக் குறைத்தது. சரி, குறைந்த இடத்தைச் சும்மா விட முடியுமா? கரிமருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று நின்றால் ஆபத்து, ஆகவே அட்டை வைத்து அடைத்தார்கள். ஆக இரண்டு கூடும் நிரம்பித்தான் இருக்கின்றன, லோடு, அதாவது உள்ளே எது எவ்வளவு என்பது, மட்டும் வேறு. 'நிரப்பு' என்று சொன்னால் இந்த வேறுபாடு எங்கே போய் நிற்கும்?

நான் இருக்கும் ஊரில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் அந்தப் பழைய கார்பைனைப் பார்த்து இத்தாலியில் செய்த மறுவாக்கம் ஒன்று வைத்திருக்கிறார். இரண்டடி நீளப் பித்தளைக் குழாய் வழியாக மருந்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுக்குள் விடுவார், அதே எடை மருந்து இன்னும் கீழே இறங்கி உட்காரும், படியில் அரிசியைத் தட்டி அளக்கிற மாதிரி. ஒரு தடவை மருந்தில் இரண்டு கிரெயின் மாற்றுவார், அடுத்த தடவை அதைத் தொடாமல் குண்டில் பூசும் தேன்மெழுகுக் கலவையை மாற்றுவார், ஒவ்வொன்றுக்கும் ஐந்து தடவை சுட்டு, குறிவைத்த இலக்கு அட்டையில் துளைகள் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்று அளப்பார். நடுவில் பட்டதா என்பது அவருக்குப் பெரிய விஷயமே இல்லை, அதைத் துப்பாக்கியின் குறிகாட்டியில் சரிசெய்துகொள்ளலாம் என்பார். (இதனால் இங்கே 'துல்லியம்' என்பதைவிட 'நெருக்கம்' பொருந்தும் என்பது என் கட்சி.)

அவர் மாற்றிக்கொண்டே இருப்பது எது? எது எவ்வளவு என்கிற கணக்கு. அதற்கு நம் வைத்தியர்கள் வாயில் புழங்குகிற சொல் ஒன்று இருக்கிறது: சேர்மானம். மருந்து என்ற சொல்லே வைத்தியம், வெடி என்று இரண்டு பக்கமும் நிற்கும்போது இதை ஏன் விட வேண்டும்? அப்படியானால் பெரியவர் செய்வது போல மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்க்கிற லோடு டெவலப்மெண்டை 'சேர்மானம் பதம் பார்த்தல்' எனலாம். 'மேம்பாடு' வேண்டாம், அது அரசுத் திட்டம் போல ஒலிக்கிறது.

அப்புறம் கையால் செய்த தோட்டா. வெடி கட்டுவது என்று நாம் சொல்கிறோம் அல்லவா, அதே வினைதான்: தோட்டா கட்டுதல், கைக்கட்டுத் தோட்டா. ஆங்கிலத்தில் ஒரே 'லோடு' செயலுக்கும் பொருளுக்கும் கணக்குக்கும் நிற்கிறது என்பதற்காக நாமும் ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

கார்பைனைக் கார்பைன் என்றே விட்டுவிடலாம், 'குறுந்துப்பாக்கி' என்றால் பாதிப்பேர் பிஸ்டல் என்று நினைப்பார்கள். சுட்டபின் குழலுக்குள் படிகிற கரிக்குத்தான் இன்னும் முடிவாகவில்லை. கசடா, கிட்டமா? கிட்டம் என்றால் எனக்குக் கொல்லன் உலைதான் நினைவுக்கு வருகிறது, அதனால் இப்போதைக்குக் கசடு.