ஜுராசிக் பார்க் டிவிடியா, புளூ-ரேயா? டிஸ்க் வச்சிருக்கிறவங்க சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டையில புரொஜெக்டர்ல போட 1993 படத்தோட எந்தப் பதிப்பை வாங்கலாம்?

டிவிடி வச்சிருக்கிறவங்க மொத்த நேரத்தைப் பாத்துச் சொல்லுங்க. படம் 127 நிமிஷம். 122 காட்டினா அது பால் (PAL) முறை, அதாவது நம்ம ஊர், ஐரோப்பா டிவிக்கான பட முறை: நொடிக்கு 24 பிரேமை 25-ஆ ஓட்டுறதால வேகம் 4 சதவீதம் கூடும், குரலும் கொஞ்சம் கீச்சுன்னு ஏறும். காட்சி எதுவும் வெட்டுப்படல. வீணா கடைக்காரர்கிட்ட சண்டை போடாதீங்க.

டிஸ்கோட அடிப்பக்கத்தை டியூப்லைட்டுல சாய்ச்சுப் பாருங்க. ஊதா நிறம் அடிச்சா வீட்டுல எரிச்ச காப்பி. அச்சடிச்சது வெள்ளியா மின்னும்.

புளூ-ரேன்னா எந்த நாட்டுப் பகுதிக்கான டிஸ்குன்னு காட்டுற எழுத்து அட்டையில ஏ, பி, சி எதுன்னு பாருங்க. நம்ம ஊர் பிளேயருக்கு சி. அமெரிக்க ஏ டிஸ்க் ஏத்துக்காமப் போகலாம். 4கே டிஸ்குக்கு (இன்னும் துல்லியமான புளூ-ரே) இந்த வம்பு கிடையாது. ஆனா எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோட காட்டுற வசதி) இல்லாத புரொஜெக்டர்ல படம் வெளிறிப்போகும்னுதான் யோசனை.

முக்கியமா, மழை ராத்திரியில தம்ளர் தண்ணி வளையம் வளையமா அதிருமே, அந்த இடத்துல கருப்பு கருப்பாவே இருக்கா, இல்ல கட்டம் கட்டமா உடையுதா?