பாஸ் ஒலிக்கு முன்விளக்கு மங்குகிறது: இரண்டாவது பேட்டரி தீர்வாகுமா?

கேள்வி (ஈசூன்):
வணக்கம். என் காரில் 600 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய) திறனுள்ள டி வகுப்பு (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் பொருத்தியிருக்கிறேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பாஸ் ஒலி எழுந்தால் முன்விளக்குகள் மங்குகின்றன. அத்துடன், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டால், மறுபடி ஸ்டார்ட் ஆவதற்குள் வண்டி திணறுகிறது. நின்ற வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம் என்பதால் அந்த வழியும் இல்லை. பின்பெட்டியில் இன்னொரு பேட்டரி வைத்தால் இரண்டு குறைகளும் தீரும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். அது சரியா?

பதில் (ஜூரோங்):
இரண்டும் வெவ்வேறு குறைகள், ஐயா. இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர்; பேட்டரி எதையும் உற்பத்தி செய்வதில்லை, பாஸ் எழும் கணத்தில் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். டி வகுப்பின் செயல்திறனை 80 விழுக்காடு என்று கொண்டால், உங்கள் ஆம்ப்ளிஃபயர் முழுத் திறனில் 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 54 ஆம்பியர் இழுக்கும். முதலில் இன்ஜினை ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டு, பாட்டை உரக்க வைத்து, பேட்டரி முனைகளிலும் ஆம்ப்ளிஃபயர் முனைகளிலும் மல்டிமீட்டரால் அளந்து எழுதுங்கள்.

கேட்டவர்:
பேட்டரியில் 13.9 வோல்ட், ஆம்ப்ளிஃபயரில் 12.3.

பதில் (ஜூரோங்):
அப்படியானால் ஆல்டர்னேட்டரைக் குறை சொல்ல முடியாது. வழியில் 1.6 வோல்ட் தொலைகிறது. பேட்டரி முனையில் 13.9 நின்றும் முன்விளக்கு மங்குகிறதென்றால், விளக்கும் ஆம்ப்ளிஃபயரும் பகிர்ந்துகொள்ளும் பாதையில்தான் கோளாறு இருக்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனையிலிருந்து (மைனஸ்) வண்டியின் உடலுக்குப் போகும் எர்த் கம்பியையே நான் சந்தேகிக்கிறேன். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றைப் பெயின்ட் இல்லாத உடல் உலோகத்திலும் வைத்து, பாட்டு ஒலிக்கும்போதே அளந்து பாருங்கள்.

கேட்டவர்:
1.1 வோல்ட் காட்டியது. கம்பியின் முனை பச்சை பூத்து அரித்திருந்தது. தடித்த செம்புக் கம்பியாக மாற்றி, தொடும் இடத்தைச் சுரண்டி இறுக்கிய பிறகு விளக்கு மங்கவில்லை. பூங்காப் பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கிறது.

பதில் (தெம்பனிஸ்):
பின்பெட்டியில் பேட்டரியை முதலிலேயே வைத்திருந்தால் இந்த அரிப்பு கண்ணில் படாமலேயே போயிருக்கும். இனி அடுத்ததைப் பார்ப்போம். வழக்கமான பாட்டுக்குச் சராசரி இழுவை உச்ச இழுவையைவிட மிகவும் குறைவு; ஒரு மணி நேரத்திற்குப் பத்துப் பன்னிரண்டு ஆம்பியர் என்று வைத்தாலும் நல்ல நிலையிலுள்ள பேட்டரி அதற்குச் சோர்ந்துவிடக் கூடாது. நம் ஊர் வெப்பத்தில் ஈய அமிலப் பேட்டரி விரைவாகத் தளரும் என்பதால், முன்பேட்டரியைப் பளு வைத்துச் சோதியுங்கள். அது கிழடாகியிருந்தால் புதியதையும் தன்னோடு கீழே இழுத்துவிடும்.

அதன்பின்னும் நீண்ட நேரம் கேட்க விரும்பினால் இரண்டாவது பேட்டரி நியாயமான செலவே. பின்பெட்டி பயணிகள் இருக்கும் பகுதியோடு சேர்ந்த இடமாதலால், ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும் சாதாரணப் பேட்டரியைத் தவிர்த்து, மூடிய ஏஜிஎம் வகையை (அமிலம் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருக்கும் பேட்டரி) வாங்கி இரும்புப் பட்டையால் அசையாமல் கட்டுங்கள். ஆம்ப்ளிஃபயரை இந்த இரண்டாவது பேட்டரியோடு இணையுங்கள். இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவே மின்னழுத்தத்தை உணரும் ரிலே (தானியங்கி சுவிட்ச்) தேவை: இன்ஜின் ஓடும்போது சுமார் 13.3 வோல்ட்டில் இணைத்து, அணைத்தபின் 12.8-க்கு இறங்கியதும் விடுவிக்கும்; முன்பேட்டரி ஸ்டார்ட்டுக்கு மிஞ்சும். எரிபொருளைச் சேமிக்க ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கணினியே குறைக்கும் புதிய வண்டிகளில் இந்த ரிலே சரிவராது. ஆல்டர்னேட்டரின் வோல்ட் குறைந்தாலும் இரண்டாவது பேட்டரிக்கு வேண்டிய வோல்ட்டைத் தரும் டிசி-டிசி சார்ஜர்தான் வேண்டும். லித்தியம் வகைக்கும் அதுவே.

இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் கம்பியின் இரு நுனிகளிலும், பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸ் போடுங்கள், ஏனெனில் கம்பி எங்காவது உரசி ஷார்ட் ஆனால் இரண்டு பேட்டரிகளுமே அதற்குள் மின்சாரத்தைக் கொட்டும். ஃபியூஸின் அளவு கம்பி தாங்கும் ஆம்பியரைத் தாண்டக் கூடாது. வேலை தொடங்குமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வாகன மாற்ற விதிகளையும் பார்த்துவிடுங்கள். முடிந்ததும் இன்ஜினை அணைத்து அரை மணி நேரம் பாட்டை ஓடவிட்டு, ரிலே விடுவித்த பிறகு முன்பேட்டரியின் வோல்ட் தொடர்ந்து இறங்காமல் நிற்கிறதா என்று அளந்த பிறகே பட்டறைக்குப் பணம் கொடுங்கள்.