ஆர்ட் டெகோவுக்கு 'அடுக்கணி' பொருந்துமா?

அன்புள்ள ஐயா,

ஆர்ட் டெகோ என்ற கட்டட, அலங்காரப் பாணிக்குத் தமிழில் நீங்கள் சொன்ன 'அலங்காரக் கலைப் பாணி' மூலப் பெயருக்கு நேரானதுதான். 1925இல் பாரிசில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியை ஒட்டி வந்த பெயர் அது, பரவலானது 1960களில். ஆனால் அலங்காரம் என்றதும் நமக்குச் சாமிக்குச் சாத்திய மாலையும் கல்யாண மேடையும்தான் நினைவுக்கு வரும். இந்தப் பாணியோ பூவைக்கூடக் கோணமாக்கிவிடும்.

நேற்று அம்மாபேட்டையில் ஒரு பழைய மாடிவீட்டின் முன் அரைமணி நேரம் நின்றேன். முகப்பின் நடுவே கைப்பிடிச்சுவர் இருபுறமும் படிப்படியாக ஏறுகிறது. உச்சியில் 1948 என்று சிமெண்டில் புடைத்த எண்கள். மாடியின் மூலை முனையில்லாமல் உருண்டு திரும்ப, சன்ஷேடும் அதோடு சுற்றிக்கொண்டு போகிறது. அதன் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பட்டைகள். கேட்டில் அரைச் சூரியன், கம்பிகளே கதிர்கள். எதிர்வீட்டில் பூச்சு வேலையில் இருந்த கொத்தனாரிடம் கேட்டேன். "அடுக்குப் பட்டைங்க இது. பூச்சு இறுகறதுக்குள்ள இழுத்துடணும், கை நடுங்கினா போச்சு" என்றார்.

அந்த 'அடுக்கு' என்னை விடவில்லை. 'அணி'யைச் சேர்த்தேன்: அடுக்கணி. அணி என்றால் நகை, அணி என்றால் வரிசையும். அழகும் ஒழுங்கும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. நியூயார்க்கில் 1930இல் எழுந்த கிரைஸ்லர் கட்டடத்தின் உச்சியில் வளைவின்மேல் வளைவாக ஏறுவதும் அடுக்குதானே?

சேலத்திலிருந்து,
அன்புடன்.

* * *

அன்புள்ள தம்பி,

சொல் கச்சிதம். ஆனால் உவமையணி, உருவக அணி வரிசையில் இதையும் வைத்து, மாணவர்கள் தண்டியலங்காரத்தில் தேடப் போகிறார்கள். 'அடுக்குமாடி'யும் குறுக்கே வரும். யோசியுங்கள்.

* * *

ஐயா,

உங்கள் ஐயம் நியாயம். தனியே நின்றால் மயங்கும். 'அடுக்கணி முகப்பு', 'அடுக்கணிக் கட்டடம்' என்று எழுதினால் மயங்காது. "பாரிமுனையில் 1940இல் திறந்த டேர் ஹவுஸ் ஓர் அடுக்கணிக் கட்டடம்" என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், எங்கும் தடுக்கவில்லை. மும்பை மரைன் டிரைவ் வரிசைக்கும் அப்படியே. 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அந்த வீடுகளைத் தமிழில் எழுத இன்றுவரை ஒலிபெயர்ப்பையே நம்பியிருக்கிறோம்.

இன்னொரு லாபமும் உண்டு. இதற்கு முந்திய ஆர்ட் நூவோ, கொடிபோல நெளியும் கோடுகளால் ஆனது. அதைக் 'கொடியணி' என்றால் இரண்டும் அக்கா தங்கையாக நிற்கும். பெயரைக் கேட்டவுடனே எது நெளியும், எது அடுக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

ஆர்ட் டெகோவின் கிளையான ஸ்ட்ரீம்லைன் மாடர்னுக்குத்தான் சொல் இன்னும் அகப்படவில்லை. கப்பல்போல மூலை உருண்ட அந்த அம்மாபேட்டை வீட்டுக்கு அதுவும் வேண்டும். வழுவழுப்பை நினைத்து 'வழுவணி' என்று எழுதி, 'வழு' பிழையையும் குறிக்குமே என்று அடித்துவிட்டேன். உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?