மனவுறுதி எப்படி ஓர் உணர்ச்சியாகும்? (கிரீன் லாண்டர்ன், ஹல்க், ரேவன்)

செண்பகா_மதுரை எழுதியது:

வணக்கம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் இந்த விடுமுறை முழுவதும் கிரீன் லாண்டர்ன் காமிக்ஸும் கையுமாகவே இருக்கிறாள். ஏழு நிறத்தில் ஏழு மோதிரங்கள். சிவப்பு சினம், ஆரஞ்சு பேராசை, மஞ்சள் அச்சம், பச்சை மனவுறுதி, நீலம் நம்பிக்கை, கருநீலம் பரிவு, ஊதா காதல். எந்த உணர்ச்சி ஒருவரிடம் மிகுந்திருக்கிறதோ அந்த மோதிரம் அவரைத் தேடி வருகிறது. இவ்வளவும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நேற்று இரவு சாப்பிடும்போது ஒரு கேள்வி கேட்டாள். "கோபம் வரும், பயம் வரும், ஆசை வரும். மனவுறுதி தானாக வராதே அம்மா, அதை நாம்தானே வரவழைத்துக்கொள்ள வேண்டும்? அது எப்படி இந்த வரிசையில் சேரும்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் மனத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கோபப்பட்டால் வலிமை கூடும் என்று சொல்லும் கதைகள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கின்றன? இந்தக் காமிக்ஸைப் படித்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். மழுப்பலான பதிலை அவள் ஏற்கமாட்டாள்.

பழையபிரதி எழுதியது:

செண்பகா அவர்களுக்கு, உங்கள் மகள் இந்தக் கதைகளின் நடுநரம்பில் கை வைத்துவிட்டாள். எனக்கு உயிரான விஷயம் என்பதால் நீளமாகத்தான் எழுதுவேன்.

முதலில் ஒன்று. இங்கே நிறம்தான் முதலில் வந்தது, உணர்ச்சி வெகுகாலம் கழித்து வந்தது. கிரீன் லாண்டர்ன் என்பது பச்சை மோதிரம் அணிந்த நாயகனின் பட்டம். 1940இல் மார்ட்டின் நோடெல் உருவாக்கிய முதல் கிரீன் லாண்டர்ன் ஆலன் ஸ்காட். அவனுடைய மோதிரம் மரத்திடம் பலிக்காது. மரக்கட்டையால் ஓங்கி அடித்தால் அவன் விழுந்துவிடுவான். 1959இல் ஜான் புரூமும் கில் கேனும் புதிய கிரீன் லாண்டர்னாக ஹால் ஜோர்டானைக் கொண்டுவந்தபோது மரம் போய் மஞ்சள் வந்தது. மஞ்சளாக இருக்கும் எதையும் பச்சை மோதிரம் தொட முடியாது. ஏன் மஞ்சள் என்று கேட்டால், மோதிரத்துக்குச் சக்தி தரும் விளக்கிலேயே ஒரு கலப்பு இருக்கிறது என்பதுதான் பதில். எல்லாம் செய்யவல்ல மோதிரத்துக்கு ஒரு பலவீனம் தேவைப்பட்டது, வைத்தார்கள். அவ்வளவுதான்.

நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2004இல், ஜெஃப் ஜான்ஸ் எழுதி ஈதன் வான் ஸ்கைவர் வரைந்த 'கிரீன் லாண்டர்ன்: ரீபர்த்' தொடங்கியது. அந்தப் பழைய மஞ்சளுக்கு அதில் ஜான்ஸ் ஒரு பொருள் கொடுத்தார். மஞ்சள் என்பது அச்சம். பாரலாக்ஸ் என்ற, அச்சமே உருவான ஓர் உயிரை, பச்சை மோதிரப் படையை அமைத்த அண்டத்தின் காவலர்கள் பிடித்து, ஓவா கிரகத்தின் மைய விளக்குக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். பச்சை ஒளி மஞ்சளிடம் தடுமாறியது அதனால்தான். இதற்கு அவர் வைத்த விதிதான் என்னைக் கட்டிப்போட்டது: தனக்குப் பயமாக இருக்கிறது என்று உணர்ந்து, அதை ஒப்புக்கொண்டு, அதோடே முன்னால் போகிறவரின் மோதிரம் மஞ்சளிலும் வேலை செய்யும். பயமே இல்லாதவரைப் பற்றி அங்கே பேச்சில்லை.

உங்கள் மகளின் கேள்விக்கான பதில் பாதி இதிலேயே இருக்கிறது. மனவுறுதிக்கு எதிரே நிற்க ஏதாவது ஒன்று வேண்டும். தனியாக அதை யாரும் உணர்வதில்லை. பயத்தின்போதும் துக்கத்தின்போதும்தான் அது தெரியவரும். ஜான்ஸ் அமைத்த வரிசையில் ஓரங்களில் இருக்கும் சிவப்பும் ஊதாவும் மோதிரம் அணிந்தவரையே விழுங்கிவிடும். உள்ளே வர வர அந்தப் பிடி தளரும். நட்டநடுவில் பச்சை. தன் வசத்தில் இருந்தபடியே சக்தியைப் பயன்படுத்தக்கூடிய இடம் அது. அதாவது, மற்ற ஆறும் இழுக்கும்போது நிலைகொள்ளும் புள்ளியைத்தான் அவர் மனவுறுதி என்கிறார். இது உணர்ச்சிதானா என்று தத்துவ ஆசிரியர்கள் சண்டை போடலாம். கதைக்குள் அது பொருந்துகிறது என்பது என் கட்சி.

மறுபாதி நீல மோதிரத்தில் இருக்கிறது. நம்பிக்கையின் மோதிரம்தான் எல்லாவற்றிலும் வலியது என்கிறார்கள். ஆனால், அருகில் ஒரு பச்சை மோதிரம் இல்லாவிட்டால் அது பறக்கும், காப்பாற்றும், அதற்குமேல் ஒன்றும் பெரிதாகச் செய்யாது. நம்பிக்கை செயலாக மாற மனவுறுதி பக்கத்தில் இருந்தாக வேண்டும். இந்த ஒரு விதியைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதல் நீல மோதிரத்தைப் பெற்ற செயின்ட் வாக்கரின் கதையைக் கட்டாயம் உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். அவனுடைய சூரியன் அணைந்துகொண்டிருக்கிறது. மீட்பர் ஒருவர் மலையுச்சியில் இருப்பார் என்று குடும்பத்தோடு ஏறுகிறான். வழியிலேயே ஒவ்வொருவராக இறந்துபோகிறார்கள். உச்சிக்குப் போனால் அங்கே ஒருவரும் இல்லை. அழுது தீர்க்கிறான். பிறகு, மக்களிடம் ஆறுதலைக் கொண்டுபோக வேண்டியவன் தானே என்று புரிந்து கீழே இறங்குகிறான். மோதிரம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அவன் நம்பிக்கையோடு ஏறியபோது வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி கோபம் பற்றிய உங்கள் கேள்வி. சிவப்பு மோதிரத்தின் விலை பயங்கரமானது. அணிந்தவுடன் அது இதயத்தின் வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறது. உடம்பில் ஓடும் இரத்தம் எரிதிரவமாகி வாய்வழியே கொப்பளிக்கிறது. மோதிரத்தைக் கழற்றினால் சாவுதான். ஹால் ஜோர்டானே ஒருமுறை சிவப்பிடம் சிக்கியபோது செயின்ட் வாக்கரின் நீல ஒளிதான் அவனை மீட்டது. கோபம் வலிமை தரும் என்று கதை சொல்வது உண்மை. இதயத்தைக் கொடுத்துத்தான் அதை வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

சிவப்பு மோதிரம் அணிந்தவர்களின் படையில் ஒரு பூனை உண்டு, பெயர் டெக்ஸ்-ஸ்டார். புரூக்ளினில் ஒரு பெண் அதைக் காப்பகத்திலிருந்து எடுத்து வளர்க்கிறாள். வீடு புகுந்த திருடன் அவளைக் கொன்றுவிடுகிறான். தெருவுக்கு வந்த பூனையை இரண்டு பேர் சாக்கில் கட்டிப் பாலத்திலிருந்து ஆற்றில் எறிகிறார்கள். தண்ணீரைத் தொடும் முன்பே மோதிரம் வந்துவிடுகிறது. சில பக்கங்களில் முடிந்துவிடும் கதை. கோபம் எங்கிருந்து பிறக்கிறது என்று பிள்ளைகளிடம் பேச இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அந்தப் பூனை முதலில் நேசித்தது, பிறகு இழந்தது, கோபம் கடைசியில் வந்தது.

கபிலன்_திருச்சி எழுதியது:

பழையபிரதி ஐயா அழகாக எழுதியிருக்கிறார். ஒரு விஷயத்தில் மட்டும் நான் உடன்படவில்லை. பச்சை நடுவில் இருப்பதற்குக் காரணம் வானவில்லில் பச்சை நடுவில் இருப்பதுதான். கதாநாயகன் 1940 முதல் பச்சை. அவனுக்கு ஏற்கெனவே மனவுறுதி என்று பெயர் வைத்தாகிவிட்டது. வரிசையைப் பிறகு கட்டியவர்களுக்கு வேறு வழி இல்லை. தங்கையிடம் "இது உணர்ச்சி இல்லைதான் அம்மா, நீ சொல்வது சரி" என்றே சொல்லுங்கள். அவள் வாதத்தில் ஓட்டை இல்லை.

ஆனால், கோபத்தின் கதையைப் பேச வேண்டுமானால் ஹல்க்கை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1962இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கியபோது ஹல்க்குக்கும் கோபத்துக்கும் இந்த உறவு கிடையாது. பொழுது சாய்ந்தால் புரூஸ் பேனர் என்ற விஞ்ஞானி ஹல்க் என்னும் அரக்கனாவான், விடிந்தால் மனிதனாவான். நிறம்கூட முதல் இதழில் சாம்பல். அச்சில் அது பக்கத்துக்குப் பக்கம் மாறித் தெரிந்ததால் அடுத்த இதழில் பச்சையாக்கினார்கள். மனம் கொந்தளித்தால் உருமாறுவான் என்ற விதி 1964இல், ஸ்டீவ் டிட்கோ வரைந்த காலத்தில்தான் நிலைபெற்றது.

அதற்கும் பிறகு, 1985இல் ஹல்க் காமிக்ஸின் 312ஆம் இதழ் வந்தது. எழுதியவர் பில் மாண்ட்லோ, வரைந்தவர் மைக் மிக்னோலா. பேனரின் குழந்தைப் பருவம் அதில் வருகிறது. அப்பா குடிகாரர். தன் மகன் அரக்கனாகப் பிறந்திருக்கிறான் என்ற பயத்தில் குழந்தையை அடிக்கிறார், தாயைக் கொல்கிறார். காமா குண்டு வெடித்துக் கதிர் பட்டதால் அரக்கன் உருவாகவில்லை, அந்த வீட்டிலேயே உருவாகிவிட்டான், வெடிப்பு அவனை வெளியே விட்டது என்று ஆகிறது. இருபத்துமூன்று ஆண்டுகளாக எல்லாரும் பார்த்த பச்சை உடம்பு அன்று ஒரு பயந்த குழந்தையாகத் தெரிந்தது. ஹல்க் "என்னைத் தனியாக விடுங்கள்" என்றே எப்போதும் கத்துவான். அந்த இதழுக்குப் பிறகு அதை நான் வேறு மாதிரிதான் கேட்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

செண்பகா அக்கா, நான் மருத்துவமனையில் செவிலியர். மோதிரக் கதைகள் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தவள் ரேவன். 1980இல் மார்வ் உல்ஃப்மனும் ஜார்ஜ் பெரெஸும் டீன் டைட்டன்ஸ் என்ற இளம் நாயகர் குழுவுக்காக உருவாக்கிய பெண்.

ரேவனின் சக்தி மற்றவர்களின் உணர்ச்சியைத் தன்னுள் வாங்குவது. காயம்பட்டவரைத் தொட்டு அந்த வலியைத் தானே எடுத்துக்கொள்வாள், அவர் எழுந்துவிடுவார், இவள் துவண்டுபோவாள். இதில் கொடுமை என்னவென்றால், தன் உணர்ச்சிகளை அவள் வெளிவிடவே கூடாது. அவளுடைய தகப்பன் டிரைகன் ஒரு பேரரக்கன். அவள் கட்டுப்பாடு தளரும் கணத்தில் அவன் அவள் வழியாக உள்ளே வந்துவிடுவான். ஊருக்கெல்லாம் அழுகிறவள் தனக்காக அழக்கூடாது.

பெரெஸ் வரைந்த பக்கங்களில் அவள் முகத்தைப் பாருங்கள். முக்காடு போட்டு, பாதி நிழலில், உதடு மூடியபடி இருக்கும். எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்த முகத்தோடு வேலை பார்ப்பவர்களை எனக்குத் தெரியும். கட்டிலருகே நிற்கும் ஒரு தாய் நம் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். அடுத்த கட்டிலில் மருந்து ஏற்ற வேண்டும். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு போக வேண்டும், முகம் மாறக்கூடாது. வலியை வாங்கிக்கொள்வது ஒரு திறமை என்று எங்களிடம் சொல்கிறார்கள். வாங்கியதை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. அதை முதலில் என்னிடம் பேசியது ஒரு காமிக்ஸ் பாத்திரம் என்பதில் எனக்குக் கூச்சம் இல்லை.

மகளுக்குச் சின்ன வயதுக்கேற்ற வழியும் இருக்கிறது. 2003இல் வந்த டீன் டைட்டன்ஸ் கார்ட்டூனில் நண்பர்கள் இருவர் ரேவனின் மனத்துக்குள் போய்விடுகிற ஒரு பகுதி உண்டு. அவளுடைய ஒவ்வொரு குணமும் ஒவ்வொரு நிற அங்கியில் தனித்தனி ரேவனாக நிற்கும். மகிழ்ச்சிக்கு இளஞ்சிவப்பு, கூச்சத்துக்குச் சாம்பல், துணிச்சலுக்குப் பச்சை, கோபத்துக்குச் சிவப்பு. கோபத்தைத் தோற்கடிக்க மற்ற எல்லா ரேவன்களும் ஒன்றாகச் சேர வேண்டியிருக்கும்.

செண்பகா_மதுரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று பதில்களையும் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கபிலன் தம்பி அவள் பக்கம் நின்றதில் ஏகப்பட்ட பெருமை. பூனையின் கதையைக் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்சநேரம் கழித்து வந்து, "திருடனை அந்தப் பூனை கண்டுபிடித்ததா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது அடுத்ததாக 'பிளாக்கஸ்ட் நைட்' வேண்டும் என்கிறாள். கொடுக்கலாமா?

இரவுப்பணி தங்கைக்கு: நீங்கள் எழுதியதை நான் தனியாக இன்னொரு முறை படித்தேன். வாங்கியதை எங்காவது இறக்கி வையுங்கள் அம்மா. இங்கே எழுதினாலும் சரி, நாங்கள் படிக்கிறோம்.

பழையபிரதி எழுதியது:

அவசரப்பட வேண்டாம் என்பேன். 2009இல் தொடங்கிய அந்தக் கதையில் இறந்தவர்கள் கறுப்பு மோதிரத்தோடு எழுந்து வருகிறார்கள். உயிரோடிருப்பவர்கள் அவர்கள் கண்ணுக்கு உணர்ச்சியின் நிறத்தில் ஒளிர்வார்கள். அச்சமோ காதலோ உச்சத்துக்கு வந்ததும் நெஞ்சைப் பிளந்து இதயத்தைப் பிடுங்குகிறார்கள், ஒவ்வோர் இதயத்துக்கும் கறுப்பு விளக்கில் கொஞ்சம் சக்தி ஏறுகிறது. ஐவன் ரெய்ஸ் அதை ஒளிவுமறைவில்லாமல் வரைந்திருக்கிறார். இந்த உணர்ச்சிக் கதைகளின் உச்சம் அதுதான், சந்தேகமில்லை. ஆனால் எட்டாம் வகுப்புக்கு அந்தப் படங்கள் அதிகம். இரண்டு வருடம் போகட்டும். இல்லையென்றால் நீங்கள் முதலில் படித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள்.

அதற்கு முன் 'சீக்ரெட் ஆரிஜின்' கொடுங்கள். 2008இல் வந்தது, ஹால் ஜோர்டானின் தொடக்கக் கதை. சிவப்புப் படையின் தலைவன் அட்ரோசிட்டஸ் யார் என்பதும் அதில் தெரியவரும். அண்டத்தின் காவலர்கள் உணர்ச்சி வேண்டாம் என்று தங்களிடமிருந்தே களைந்தவர்கள். பச்சைப் படைக்கு முன் அவர்கள் காவலுக்கு அனுப்பியதும் உணர்ச்சியில்லாத இயந்திரங்களைத்தான். அந்த இயந்திரங்கள் ஒரு முழு மண்டலத்தையே கொன்று குவித்தன. தப்பிய ஒரு சிலரில் ஒருவன் அட்ரோசிட்டஸ். உணர்ச்சியே இல்லாத காவல் என்ன செய்யும் என்பதை அங்கே அவள் பார்க்கட்டும். கபிலன் தம்பியோடு சேர்ந்து என்னிடம் அடுத்த சண்டைக்கு வர அவளுக்கு அது உதவும். நான் இங்கேதான் இருப்பேன்.