நான் கன்னடம் பேசினால் எல்லாரும் தமிழுக்கு மாறிவிடுகிறார்கள். எப்படிப் பழகுவது?

கரிசல்காட்டுக்காரி எழுதியது:

வணக்கம். எனக்கு 62 வயது. கோவில்பட்டிப் பக்கத்தில் 31 வருஷம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். பேரனைப் பார்த்துக்கொள்ள மகன் வீட்டுக்கு, பெங்களூரு பசவனகுடிக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது.

கன்னடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்த நாளிலிருந்தே ஆசை. ஆனால் பேசவே விடமாட்டேன் என்கிறார்கள். காந்தி பஜாரில் பூ விற்கிற அம்மாவிடம் "மல்லிகெ ஒந்து மொள எஷ்டு?" என்று, வீட்டிலேயே பத்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போய்க் கேட்டேன். என் வாயிலிருந்து வந்த விதத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "முழம் நாப்பது ரூபாம்மா, காலைல கட்டுனது" என்று தமிழிலேயே பதில். காய்க்கடை, ஆட்டோ எல்லா இடத்திலும் இதே கதைதான். அவர்கள் செய்வது அன்பு. எனக்குத்தான் ஏழு மாதத்தில் முப்பது வாக்கியம் தேறவில்லை.

இப்போது அவசரம் வந்துவிட்டது. கீழ்வீட்டில் ஒரு அம்மா தனியாக இருக்கிறார், 80 வயது. பேரன் கூப்பிடுவதைப் பார்த்து நானும் அஜ்ஜி என்றே கூப்பிடுகிறேன். கன்னடம் தவிர வேறு மொழி தெரியாது. போன மாதம் எனக்குக் காய்ச்சல். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்த நேரம். அஜ்ஜி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் தூக்குச்சட்டியோடு படியேறி வந்துவிட்டார். மெணசின சாரு, அதாவது மிளகு ரசம். டம்ளரில் ஊற்றுகிறார், நான் குடிக்கிறேன், மறுபடியும் ஊற்றுகிறார். போதும் என்று சொல்ல எனக்குச் சொல் இல்லை. டம்ளர் மேல் கையை வைத்து மூடினேன், சூடான ரசம் விரலில் வழிந்தது.

அரை மணி நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரி மட்டும் திரும்பத் திரும்ப வந்ததால் காதில் நின்றது: "ஒப்பளே இத்ரெ பேஜாரு." சாயங்காலம் மருமகளிடம் கேட்டேன். "தனியா இருந்தா மனசுக்குக் கஷ்டமா இருக்கு"ன்னு சொல்லியிருக்காங்க அத்தை, என்றாள். அதைச் சொன்னபோது நான் சிரித்திருக்கிறேன். அன்றிலிருந்து அது என்னை விடவில்லை.

இன்னொரு தொந்தரவும் உண்டு. கேட்கிற சொல்லையெல்லாம் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி வைக்கிறேன். மறுநாள் படித்தால் எப்படிச் சொல்வது என்று குழம்புகிறது. "கண்ட" என்று எழுதியிருக்கிறேன். 'தங்கம்' என்ற சொல்லில் வருகிற 'க'வின் ஒலியோடு தொடங்கினால் கணவன். 'கல்' என்பதில் வருகிற 'க' என்றால் 'பார்த்தான்'. நோட்டில் இரண்டும் ஒன்றுதான்.

மற்றவர்கள் தமிழுக்கு மாறாமல் இருக்க என்ன செய்யலாம்? இந்த வயதில் எழுத்தைக் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டுமா?

அலசூர்ப் பையன் எழுதியது:

டீச்சர், நான் அலசூர்லயே பிறந்து வளர்ந்தவன். எங்க ஏரிக்கரைப் பக்கம் திருவள்ளுவர் சிலை இருக்கு, 2009ல திறந்தாங்க. அதே மாசம் சென்னை அயனாவரத்துல கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை. வீட்டுல தமிழ், தெருவுல கன்னடம்னு ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் வந்துச்சு.

அவங்க மாறுறதுக்குக் காரணம், நீங்க சிரமப்படுறீங்கன்னு நினைக்கிறதுதான். அதனால முதல் வாக்கியத்துலயே சொல்லிடுங்க: "கன்னடதல்லே மாத்தாடி, நானு கலீதா இத்தீனி." கன்னடத்துலயே பேசுங்க, நான் கத்துக்கிட்டிருக்கேன்னு அர்த்தம். இதைக் கேட்டா முகமே மாறிடும் டீச்சர். எங்க கடைக்கு வடக்க இருந்து வர்ற பசங்க யாராவது இதைச் சொன்னா, நாங்க கையில இருக்கிற வேலையை விட்டுட்டு சொல்லிக்கொடுப்போம்.

போதும்னா "ஸாக்கு". ரசம் ஊத்தும்போது "ஸாக்கு அஜ்ஜி, ஸாக்கு"ன்னு ரெண்டு தடவை சொல்லணும். ஒரு தடவை சொன்னா நிறுத்த மாட்டாங்க.

நேர்பேச்சு எழுதியது:

அம்மா, மனசுல பட்டதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பெங்களூர்ல தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் வச்சே காலம் தள்ளிடலாம், நான் 14 வருஷமா தள்ளுறேன். இந்த வயசுல எழுத்து, இலக்கணம்னு ஏன் சிரமப்படணும்? அதோட, நம்ம வாயில அந்த உச்சரிப்பு கடைசி வரைக்கும் சரியா வராது.

கரிசல்காட்டுக்காரி எழுதியது:

தம்பி, நீங்கள் அக்கறையோடு சொல்வது புரிகிறது. ஆனால் காய் வாங்குவதற்காக நான் இதைக் கற்கவில்லை. கீழ்வீட்டில் ஒருவர் பேச ஆளில்லாமல் இருக்கிறார், மேல்வீட்டில் நான் பேச நேரம் உள்ளவளாக இருக்கிறேன். நடுவில் இருப்பது பதினாறு படியும் ஒரு மொழியும்தான்.

உச்சரிப்பு வராது என்பதையும் நான் ஏற்கவில்லை. மாஸ்தி வெங்கடேச ஐயங்காருக்கு வீட்டுமொழி தமிழ். கன்னடத்தில் எழுதி 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்றார். அவரோடு என்னை ஒப்பிடவில்லை. தமிழ் நாக்குக்குக் கன்னடம் வரும் என்பதற்குச் சொல்கிறேன். 'வரும்' என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள், கவனித்தீர்களா? எனக்குக் கன்னடம் வரும் என்பதற்கு "நனகே கன்னட பருத்தெ". மொழி நம்மிடம் வர வேண்டிய ஒன்று என்று இரண்டு மொழிக்காரர்களும் நினைத்திருக்கிறார்கள்.

மூணாம் கவுன்ட்டர் எழுதியது:

அம்மா, வணக்கம். நான் வங்கி வேலையில் மாற்றலாகி தாவணகெரெயில் எட்டு வருஷம் இருந்தவன். அங்கே தமிழுக்கு மாற யாருமில்லை. கவுன்ட்டருக்கு வெளியே மக்காச்சோளம் விற்ற பணத்தோடு விவசாயிகள், உள்ளே நான். ஆறு மாதத்தில் பேச்சு வந்துவிட்டது.

முதலில் எண்களைப் பிடியுங்கள், அதுவும் காதால். இருபது "இப்பத்து", எழுபது "எப்பத்து". ஒரு பெரியவர் இப்பத்து ஸாவிர எடுக்க வேண்டும் என்றார். நான் எழுபதாயிரம் என்று சீட்டை நிரப்பிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பத்து விரலையும் விரித்து இரண்டு தடவை காட்டி, "இ... இப்பத்து" என்று என்னைச் சொல்ல வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அவர்தான் என் முதல் வாத்தியார்.

நீங்கள் தமிழாசிரியை என்பதால் உங்களுக்கு ஒரு சாவி உண்டு. நம் சொல்லின் முதலில் உள்ள 'ப' அங்கே பெரும்பாலும் 'ஹ' ஆகியிருக்கும். பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து, போகு ஹோகு. பழைய கன்னடத்தில் இவை 'ப' என்றேதான் இருந்தன. அந்த 'பழைய' என்ற சொல்லே இன்று 'ஹளெய'. பெங்களூரில் பாதி ஏரியாப் பெயரில் வருகிற ஹள்ளி, நம் திருச்சிராப்பள்ளியில் இருக்கிற பள்ளிதான். அதேபோல 'வ' போய் 'கம்பு' என்பதில் வரும் 'ப' ஒலி வரும்: வா என்றால் பா, வேர் என்றால் பேரு, வெல்லம் என்றால் பெல்ல. நம் 'ழ' அங்கே 'ள'. வாழை பாளெ, ஏழு ஏளு, நீங்கள் பூக்கடையில் கேட்ட மொளவும் நம் முழம்தான். எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது. பேட்டை அங்கேயும் பேட்டெதான். ஆனாலும் பாதி அகராதி உங்கள் கையில் ஏற்கனவே இருக்கிறது.

எழுத்தைக் கட்டாயம் படியுங்கள். 49 எழுத்துதான், ஒலிக்கு ஒலி தனி எழுத்து உண்டு. உங்கள் 'கண்ட' குழப்பம் அன்றைக்கே தீர்ந்துவிடும். பேரன் பள்ளியில் படிப்பான் இல்லையா, அவனோடு உட்காருங்கள். கடைப் பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். ஆங்கிலமும் பக்கத்திலேயே இருக்கும். பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் எதிர்ப்பக்கப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள். நான் அப்படித்தான் கற்றேன்.

கரிசல்காட்டுக்காரி எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பூக்கார அம்மாவிடம் அலசூர்த் தம்பி சொல்லிக் கொடுத்த வாக்கியத்தை ஒப்பித்தேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அன்றிலிருந்து என்னிடம் தமிழே பேசுவதில்லை. நான் தமிழில் கேட்டால்கூட "கன்னடதல்லி கேளி" என்கிறார். முழத்துக்கு மேலே 'மாரு' என்று ஓர் அளவு இருக்கிறது. இரண்டு கையையும் விரித்து மார்பின் குறுக்கே சரத்தைப் பிடித்துக் காட்டினார்.

எழுத்தைப் பேரனிடம் படிக்கிறேன். சிவப்புப் பேனாவால் திருத்துகிறான், நான் பிள்ளைகளுக்குத் திருத்திய அதே மாதிரி. பொருள் மாறிப்போன சொற்களுக்குத் தனி நோட்டுப் போட்டிருக்கிறேன். 'சொப்பு' என்றால் கீரை. கடையில் நிலக்கடலை என்று நினைத்து 'கடலெ' கேட்டேன், கொண்டைக்கடலையை நிறுத்துக் கொடுத்தார்கள். நம் கடலை அங்கே 'கடலெக்காயி'. பூண்டு 'பெள்ளுள்ளி', வெங்காயம் 'ஈருள்ளி'. எங்கள் தென்பக்கத்துப் பாட்டிமார் உள்ளி என்பார்களே, அது இங்கே உயிரோடு இருக்கிறது.

அஜ்ஜிக்கு ஊரிலிருந்து வந்த கடலைமிட்டாய் கொடுத்தேன். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி மிட்டாய் என்று சொல்ல ஆசை, அவ்வளவு கன்னடம் இன்னும் இல்லை. "நம்ம ஊரு" என்று மட்டும் சொன்னேன். நம்ம என்பது அங்கேயும் நம்மதான். அஜ்ஜி ஒரு துண்டை முந்தானையில் வைத்து உடைத்து, பாதியை என் கையில் திணித்து, "தின்னி, தின்னி" என்றார். தின்னி என்று ஒருவரைப் பார்த்து எங்கள் ஊரில் சொன்னால் சண்டை வரும். அங்கே அது மரியாதையாக 'சாப்பிடுங்கள்'. இரண்டாவது முறை சொன்னபோது அந்தக் குரலில் இருந்த கனிவுதான் காதில் விழுந்தது.

கார்த்திக மாதக் கடைசித் திங்கட்கிழமை தொட்ட பசவன குடி என்கிற பெரிய நந்தி கோவில் பக்கம் கடலெக்காயி பரிஷெ நடந்தது, நிலக்கடலைத் திருவிழா. ரோட்டின் இரண்டு பக்கமும் மலை மலையாகக் கடலை, பச்சையும் வறுத்ததும். அஜ்ஜிதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கரிசல்காட்டில் கடலை பிடுங்கி வளர்ந்தவள் நான். அந்த மண்வாசனையில் அங்கேயே நின்றுவிட்டேன்.

திரும்பி வந்து திண்ணையில் தோல் உரித்துக்கொண்டிருந்தபோது, மறுபடியும் அதே வரி. "ஒப்பளே இத்ரெ பேஜாரு." இந்த முறை நான் சிரிக்கவில்லை. "பேஜார் மாட்கோபேடி அஜ்ஜி, நானு மேலே இத்தீனல்லா" என்றேன். வருத்தப்படாதீர்கள், நான் மேலே இருக்கிறேனே. 'மேலே' நம் மேலேதான். அவர் பதில் சொல்லாமல், உரித்த பருப்பையெல்லாம் என் பக்கம் தள்ளி வைத்தார்.

இப்போது ஒரு உதவி. செவ்வாய்க்கிழமை அவரை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். முழங்கால் வலியில் படி ஏற முடியவில்லை என்பதைக் கன்னடத்தில் எப்படிச் சொல்வது? அவர் வலியைக் குறைத்துத்தான் சொல்வார், நான் பக்கத்திலிருந்து சரியாகச் சொல்ல வேண்டும்.

மூணாம் கவுன்ட்டர் எழுதியது:

"மண்டி நோவு. மெட்டிலு ஹத்தோக்கே ஆகல்ல." மண்டி என்றால் முழங்கால், நாம் மண்டியிடுகிறோமே, அதுதான். ரொம்ப வலி என்றால் "தும்ப நோவு" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரிசல்காட்டுக்காரி எழுதியது:

நோவு என்றுதான் என் அம்மாவும் சொல்வார். எழுதிக்கொண்டேன் தம்பி, இந்த முறை கன்னட எழுத்திலேயே.